இறங்கிப் போனவர்களும் தங்கிவிட்டவர்களும்

கொடைரோடு என்ற பெயர் ஓர் ஊரைக் குறிப்பதைவிட வேறோர் ஊருக்கு வழி சொல்கிறது. ரயில் நிலையப் பலகையில் 'கொடைக்கானல் ரோடு' என்றிருக்கிறது. பேரூராட்சியின் பெயரோ அம்மையநாயக்கனூர். ரயில் நிலையத்துக்கும் முதலில் அந்தப் பெயர்தான் இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் பெருகப் பெருக, இறங்கும் இடத்தின் பெயர் உதிர்ந்து, போய்ச்சேரும் இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த இடமோ சாலை வழியாக இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிறந்து வளர்ந்து செத்துப்போகிறவர்கள் வாழும் ஓர் ஊர், ஒரு நாள்கூட அங்கே தங்க நினைக்காதவர்களின் பிரயாணத்தால் பெயர் பெற்றிருப்பதை நாம் விசித்திரமாக நினைப்பதில்லை. அந்த விசித்திரத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சரித்திரம் இவ்வூரை அறியாததல்ல. மதுரை நாயக்கர்களின் பாளையங்களில் அம்மையநாயக்கனூர் ஒன்று. நாயக்கர் ஆட்சி முடிகிற தறுவாயில், 1730களில், சந்தா சாகிப் தரப்போடு நடந்த சண்டையொன்று இவ்வூரின் பெயரால் புத்தகங்களில் வருகிறது. பிறகு ஏறத்தாழ 140 ஆண்டுகள் மௌனம். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை வந்ததும் ஊர் மறுபடி எழுத்தில் தோன்றுகிறது. ஆனால் இந்த முறை அது பெட்டி இறக்குகிற இடமாகத் தோன்றுகிறது. பாதை வந்த அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம். 1928இல் மதுரை–போடி பாதை திறக்கப்படும்வரை பெரியகுளம், கம்பம் பள்ளத்தாக்குக்கெல்லாம் இதுவே ரயிலடி. 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணைக்கு வேண்டிய யந்திரங்களும் சாமான்களும் இங்கேதான் வந்து இறங்கின. இங்கிருந்து மாட்டுவண்டியில் நாட்கணக்காக மலையடிவாரத்துக்குப் போயின. பென்னிகுயிக்குக்கு இன்று மணிமண்டபம் இருக்கிறது. அது நியாயம்தான். அந்த வண்டிகளை ஓட்டியவர்களில் ஒருவன் பெயரை யாராவது சொல்ல முடியுமா? இதை நான் குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. ஒரு கணக்கு எப்படி எழுதப்படுகிறது, அதில் எது விடுபடுகிறது என்பதை அறிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மலைக்குப் போனவர்களின் கணக்கு துல்லியமாக இருக்கிறது. 1821இல் பழனி மலையை அளந்த வார்டு. சமவெளியின் நோய்களுக்குத் தங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டு 1845இல் மேலே வீடு கட்டிக்கொண்ட அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள். 1863இல் ஏரியை உண்டாக்கிய, கலெக்டராக இருந்த லெவிஞ்ச். 1901இல் பள்ளிக்கூடம் தொடங்கிய மார்கரெட் எட்டி. இவர்களின் கடிதங்கள் இருக்கின்றன, அறிக்கைகள் இருக்கின்றன. கொடைக்கானலின் முதல் நூறாண்டைப் பற்றி மிஷன் குடும்பத்தைச் சேர்ந்த சார்லட் வைக்காஃப் ஒரு புத்தகம் எழுதினார். 1972இல் நோரா மிச்செல் என்பவர் கொடைக்கானலை ஓர் இந்திய மலைவாசஸ்தலமாக ஆராய்ந்து எழுதியதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை வெளியிட்டது. கொடைக்கானலில் பழைய மிஷன் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் இருந்த கல்லறைகளின், நினைவுச் சின்னங்களின் வாசகங்களைத் தொகுத்து 1905இல் ஒரு பெரிய நூலாக்கினார். சர்க்கார் அச்சகம் அதை அச்சிட்டது. அதில் இடம்பெறக் கல்லில் எழுத்து இருக்க வேண்டும். கல்லில் எழுத்து இருக்கக் கல்லறை வேண்டும். கல்லறைக்குச் சுற்றம் மட்டும் போதாது, காசும் வேண்டும்.

அந்தக் காலத்துப் பிரயாணத்தை யோசித்துப் பாருங்கள். அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கியதும் டிரான்ஸிட் எனப்பட்ட மாட்டுவண்டி. இரவெல்லாம் வழியில் மாடுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பெரியகுளத்தைத் தாண்டி கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. விடிகாலையில் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான மலைப்பாதை. ஆண்கள் மட்டக்குதிரையில் அல்லது நடந்து; பெண்களும் குழந்தைகளும் நாற்காலியில். அந்த நாற்காலி மனிதர்களின் தோளில் ஏறிற்று. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தையொட்டி மோட்டார் போகும் மலைச்சாலை அமையும்வரை இதுதான் நடைமுறை. அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர் விழுந்தது. சுமந்தவர்கள் சரித்திரத்தில் நுழைந்தது அந்த ஒரு சொல்லில்தான். அதுவும் வாங்கின சம்பளத்தின் பெயர், வாங்கினவனின் பெயரல்ல. பிரயாணிகளின் எழுத்தில் இவர்கள் எண்ணிக்கையாகவும் விகிதமாகவும் வருகிறார்கள்: நாற்காலிக்கு இத்தனை ஆள், ஆளுக்கு இத்தனை அணா. சிலர் இவர்களின் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மலையில் கேட்கும் பறவைச் சத்தத்தைப் பற்றி எழுதுவதைப் போல.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் கொடைரோடு ரயிலடியில் ஒரு பெரியவரோடு மூன்று மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து பேசினேன். எண்பதைத் தாண்டியவர். அவருடைய தகப்பனார் தோப்பிலிருந்து நாற்காலி தூக்கியவர். இவர் ரயிலடியில் சுமை தூக்கி, கை நடுங்கத் தொடங்கியதும் விட்டவர். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அவரிடம் நான் கேட்டதெல்லாம் துரைமார்களைப் பற்றி. எந்த மாதம் வருவார்கள், என்ன பெட்டி கொண்டுவருவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கும்போது எப்படி இருக்கும். கேட்டதற்கு அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். எந்த மிஷன் வீட்டுப் பெட்டி எவ்வளவு கனம் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. பியானோ ஒன்று வந்து இறங்கிய கதையைச் சொன்னார். மூன்றாவது மாலை எழுந்திருக்கும்போது, "தம்பி, எல்லாம் எழுதிக்கிட்டீங்களா?" என்றார். எழுதிக்கொண்டேன் என்றேன். "சரி, அவுகளப் பத்தி எல்லாம் வந்துருச்சு" என்றார். அதில் குத்தல் இருந்ததாக அன்று எனக்குத் தோன்றவில்லை. இருந்ததா என்று இன்றும் நிச்சயமில்லை. அடுத்த முறை நான் போனபோது அவர் இல்லை. அவர் மனைவி என்ன ஆனார், அவருக்கு நிலம் இருந்ததா, பஞ்சத்தைப் பற்றித் தகப்பனார் என்ன சொன்னார், மலைமேல் அவர் ஒரு தடவையாவது தங்கியதுண்டா — எதுவும் என் நோட்டில் இல்லை. சிகாகோவில் அச்சான ஆராய்ச்சியில் அவர் இல்லாததற்கு ஒரு காரணம் சொல்லலாம். என் நோட்டில் அவர் இல்லாததற்கு என்ன சொல்ல?

சின்ன ஊர்களில் ஆயுள் பூராவும் இருந்துவிட்டவர்களை நினைவுகொள்வது எப்படி என்ற கேள்வியை இந்த நூற்றாண்டில் அல்ல, போன நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே இலக்கியப் பிரச்னையாக்கியவர்கள் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களின் எழுத்தாளர்கள். நமக்கு அது அத்தனை அந்நியமான பிரதேசமும் அல்ல. கொடைக்கானல் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய மார்கரெட் எட்டி கன்ஸாஸ் மாநிலத்து லெவன்வொர்த்திலிருந்து வந்தவர். அந்த மாதிரிச் சிற்றூர்களிலிருந்து கிளம்பியவர்கள் நம் அம்மையநாயக்கனூரில் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த ஊர்களைவிட்டுக் கிளம்பாதவர்களைப் பற்றி எட்கர் லீ மாஸ்டர்ஸ் யோசித்துக்கொண்டிருந்தார். இல்லினாய் மாநிலத்தில் பீட்டர்ஸ்பர்க், லூயிஸ்டவுன் என்ற இரண்டு சிற்றூர்களில் வளர்ந்து சிகாகோவில் வக்கீலாக இருந்தவர் அவர். செயின்ட் லூயிஸ் நகரத்து 'ரீடீஸ் மிரர்' பத்திரிகையில் 1914இல் புனைபெயரில் வரத் தொடங்கிய அவர் கவிதைகள், 1915இல் 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' என்று நூலாயின. குன்றின்மேல் ஒரு கல்லறைத் தோட்டம். அதில் கிடக்கும் இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒவ்வொருவராகத் தம் வாழ்வைச் சொல்கிறார்கள். கல்லில் மற்றவர்கள் பொறித்த வாசகத்தை மறுத்துத் தம் வாசகத்தைத் தாமே சொல்கிறார்கள். 1919இல் ஷெர்வுட் ஆண்டர்சன், தாம் வளர்ந்த ஒஹையோ மாநிலத்துக் கிளைட் என்ற ஊரை மனதில் வைத்து 'வைன்ஸ்பர்க், ஒஹையோ' எழுதினார். இரண்டு ஊர்க்காரர்களும் தங்களை அடையாளம் கண்டு கோபித்துக்கொண்டார்கள். லூயிஸ்டவுன் நூலகத்தில் மாஸ்டர்ஸின் புத்தகத்துக்குப் பல பத்தாண்டுகள் இடமில்லை. நினைவுகொள்ளப்படுவதை எல்லோரும் விரும்புவார்கள் என்பது எழுதுகிறவனின் நம்பிக்கை. தன் சொந்த நிபந்தனைகளின்படி நினைவுகொள்ளப்படவே ஊர் விரும்புகிறது.

நம்மில் சிலர் இந்த உருவத்தைத் தமிழுக்குக் கொண்டுவரலாம் என்று பேசியதுண்டு. நானும் கொடைரோட்டை வைத்து முயன்றேன். பத்துப் பன்னிரண்டு குரல்களுக்கு மேல் போகவில்லை. திறமைக் குறைவு ஒரு காரணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது, அது புரியச் சில ஆண்டுகள் ஆயின. மாஸ்டர்ஸின் உருவம் ஒரு பௌதிக உண்மையின்மேல் நிற்கிறது: நீதிபதியும் குடிகாரனும் பாங்கு முதலாளியும் அவன் ஏமாற்றியவனும் ஒரே குன்றின்மேல் கிடக்கிறார்கள். அங்கும் கறுப்பர்களைத் தனியே புதைத்த ஊர்கள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் அந்தக் கவிக்குக் குன்று ஒன்று கிடைத்தது. நமக்குக் குன்று எங்கே? ஊர்ச் சுடுகாடு வேறு, சேரிச் சுடுகாடு வேறு. சேரிப் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதே தகராறாகிற பிரதேசம் இது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களும் விலக்கல்ல: திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவர் இருப்பது ஊரறிந்தது. எரித்துச் சாம்பலைக் கரைத்துவிடுகிறவனுக்குக் கல்லும் இல்லை. ஆக, நம்மூரில் செத்தவர்களை ஒரே இடத்தில் கூட்டிப் பேசவைப்பது உருவக் கடன் மட்டுமல்ல, ஒரு பொய்யும்கூட. வாழ்க்கையில் இல்லாத சமத்துவத்தை மரணத்தில் இருந்ததாகக் காட்டுகிற பொய். என் பன்னிரண்டு குரல்களும் ஒரே குரலாக ஒலித்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நமக்கென்று வேறு மரபு உண்டே என்று கேட்கலாம். உண்டு. கொடைரோட்டுக்கு மேற்கே, அதே வைகைப் படுகையில், ஆண்டிப்பட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்து. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை என்கிறார்கள். ஆநிரைப் பூசலில் இறந்துபோன அந்தவன் என்ற ஒருவனுக்கான கல் அவற்றில் ஒன்று. அரசன் பெயரில்லை, வம்சப் பெருமை இல்லை. ஊர், செயல், ஆள், கல். அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கில் சாமான்யன் ஒருவன் பெயரை யாரோ அக்கறையோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். 1890இல் அதே பள்ளத்தாக்கில் மாட்டுவண்டி ஓட்டியவன் பெயர் நமக்குத் தெரியவில்லை. காலம் முன்னோக்கிப் போவது எல்லா விஷயங்களிலும் இல்லை. ஆனால் நடுகல்லும் முழு விடையல்ல. அது ஒரு சம்பவத்தை, ஒரு சாவை நினைக்கிறது. தங்கிவிட்டவர்களின் வாழ்வில் சம்பவம் குறைவு. நாற்பது வருஷம் ஒரே பிளாட்பாரத்தில் கூடை வைத்து உட்கார்ந்தவளுக்கு எந்த நாளில் கல் நடுவது?

அந்தக் கூடைதான் எனக்கு வழி காட்டியது. கொடைரோட்டில் எல்லோரும் கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது பிளாட்பாரம். அங்கும் சமத்துவம் இல்லை. முதல் வகுப்பு தங்கும் அறையும் வெளித் திண்ணையும் ஒன்றல்ல. ஆனால் ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டுத்தான் ஆக வேண்டும். டோக்கன் வாங்கிக் கொடுக்கும் பாயிண்ட்ஸ்மேன், கையில் பித்தளை வில்லையோடு போர்ட்டர், தோட்டத்திலிருந்து திராட்சைக் கூடையோடு வந்த பெண், வெளியே மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருக்கும் வண்டிக்காரன். பெரியவர் போன பிறகு, இவர்களில் எஞ்சியவர்களிடமும் இவர்கள் பிள்ளைகளிடமும் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தேன். மலையைப் பற்றிக் கேட்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

கேட்டதில் சில. பழம் விற்ற ஒரு மூதாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. வாழ்க்கையின் எல்லா நிகழ்ச்சிகளும் வண்டியால் கணக்கு. மூத்த பிள்ளை பிறந்தது மெயில் போன பிறகு; புருஷன் இறந்தது பாசஞ்சர் வருவதற்கு முன்பு. சிறுமலை வாழை அவர் கூடையில் பிரதானமாக இருந்த காலம் ஒன்று. 1970களில் முடிக்கொத்து நோய் வந்து சிறுமலைத் தோட்டங்களை அழித்தபோது கூடையில் வாழை குறைந்து பன்னீர் திராட்சை ஏறியது. விவசாயக் கல்லூரி அறிக்கை நோயைச் சொல்லும். கூடை மாறியதைச் சொல்லாது. "வாழைன்னா நாலு நாள் தாங்கும், திராச்ச அன்னன்னைக்கு வித்தாகணும், அதுலதான் கடன் ஏறிப்போச்சு" என்று அவர் சொன்னதில் ஒரு தாவர நோய் எப்படிக் கடனாக மாறுகிறது என்ற முழுப் பொருளாதாரமும் இருக்கிறது.

வண்டிக்காரர் குடும்பம் ஒன்று. தாத்தா இரவு வண்டி ஓட்டினார். மோட்டார் வந்ததும் அப்பா பஸ்ஸுக்குச் சாமான் ஏற்றுகிறவரானார். மகன் லாரி கிளீனர், பிறகு டிரைவர். மூன்று தலைமுறையும் ஒரே சாலையில், ஒருவரும் அந்தச் சாலையின் முடிவில் வீடு வாங்கவில்லை. இதை அவர்கள் சோகமாகச் சொல்லவில்லை. சோகம் என் பேனாவிலிருந்து வருகிறது. அதைக் கவனித்து நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. போர்ட்டர்களில் ஒருவர், 1969இல் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்ததைத் தன் கலியாணத்தைவிட உற்சாகமாகச் சொன்னார். 1990களின் பிற்பகுதியில் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தபோது, சக்கரம் வைத்த பெட்டிகளும் கூடவே வந்துவிட்டன என்றார். பாதை அகலமானது அவரை ஒன்றும் செய்யவில்லை. சக்கரம்தான் செய்தது.

இவை வாழ்க்கைகள் அல்ல, வாழ்க்கைகளின் துண்டுகள் என்பது தெரியும். ஆனால் துண்டுகளைத் துண்டுகளாகவே வைப்பதில்தான் நேர்மை இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். இவற்றை இணைத்து, 'மண்ணின் மைந்தர்கள்' என்று ஒரு முழு உருவம் வார்ப்பது மேடைக்காரர்களின் வேலை. ஒவ்வொரு வாழ்வுக்கும் ஓர் உட்பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும், நாற்காலிக்கு இத்தனை ஆள் என்று எண்ணியதும் ஒருவகையில் ஒரே காரியம்தான். இரண்டிலும் அவர்கள் நம் சுமையைத் தூக்குகிறார்கள்.

நம் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இந்த ரயிலடியிலிருந்து கொடைக்குப் போகிற சாலையில் வருகிற ஊர் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 26 வயதில் மறைந்த ராஜமய்யர் அவ்வூர்க்காரர். மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி. எஸ். ராமையாவும் அவ்வூர். 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பாவும் அவ்வூர். தமிழ் நவீனத்துவத்தின் வம்சாவளியில் மூன்று முக்கியப் பெயர்கள் ஒரே சிற்றூரிலிருந்து. அவ்வூருக்குப் பக்கத்து ரயிலடி கொடைரோடு. மூவரும் சென்னைக்குப் போனார்கள். போகாமல் இருந்திருந்தால் நமக்கு இந்தப் பக்கங்களே இல்லை. அதனால் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உண்மை ஒன்று இருக்கிறது: பாதிரிமார்களின் சரித்திரத்தைப் போலவே நம் இலக்கிய சரித்திரமும் வண்டியேறிப் போனவர்களின் சரித்திரம். செல்லப்பா ஒருவர், தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக இறங்கினார். அந்தக் காட்சியை நாம் தியாகமென்று கொண்டாடுகிறோம். சுமையைத் தோளில் ஏற்றியவனுக்குத் தெரியும், கனம் என்பது முதலில் தோள்வலி. தியாகம் பிறகு மற்றவர்கள் வைக்கும் பெயர்.

இன்று கொடைரோடு என்றால் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சுங்கச்சாவடி. நான்கு வழிச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போகிறது. கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்குவதுகூட இல்லை. அட்டையிலிருந்து பணம் தானாகக் கழிகிறது. இறங்கிப் போகிறவர்களின் ஊர் என்பதும் மாறி, இறங்காமலே போகிறவர்களின் ஊராகிவிட்டது. ஆனால் நிலையத்துக்குப் பின்னால் தெருக்கள் இருக்கின்றன, அவற்றில் எண்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நிறைய விஷயம் இருக்கிறது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சிலர் பேச மாட்டார்கள். சிலர் பொய் சொல்வார்கள். சிலர் பக்கத்துத் தெருவைப் பற்றிச் சொல்வதை எழுதினால் தகராறு வரும். எழுதாவிட்டால் நாம் பொய்யர்களாவோம்.

பெரியவரின் அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அறுபது பக்கத்துக்குத் துரைமார்கள். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் அவர் பெயரையும், தகப்பனார் பெயரையும், தெருவையும் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். தகப்பனார் பெயரைச் சொல்லக் குடும்பத்தில் ஒருவர்தான் மிச்சமிருந்தார். அவரும் சற்று யோசித்துத்தான் சொன்னார்.